ஒற்றைக்கொம்பு

முப்பது நிமிடம் ஊற வேண்டும் என்று டை பாக்கெட்டில் போட்டிருந்தது. செண்பகவல்லி பின்கழுத்துப் பக்கம் பழைய டூத்பிரஷ்ஷால் கடைசி இழுப்பு இழுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால். பதினொரு மணிக்குக் கொழுந்தனார் சீனிவாசகம் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதற்குள் தலையை அலசி, உலர்த்தி, புடவை மாற்றி, கேசரியைச் சூடு பண்ணி, சிரித்த முகமாக வாசலில் நிற்க வேண்டும். சிரித்த முகம் எந்த பாக்கெட்டில் வருகிறது என்று தெரியவில்லை. பின்பக்க வராந்தாவில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உடம்பில் செத்துப்போன புருஷனுடைய கட்டம்போட்ட சட்டை. டை சொட்டினால் சொட்டட்டும் என்று இந்த வேலைக்கென்றே ஒதுக்கியது. பதினொரு வருஷமாக மாதம் ஒருமுறை அதைப் போட்டுக்கொள்கிறாள்; தோள்பட்டை முழுக்கக் கறுப்புத் திட்டு. இன்றைக்குத்தான் அது உறுத்தியது. யாருக்காக இந்தக் கறுப்பு? போன மாதம் வரை இப்படி ஒரு கேள்வியே கிடையாது. கல்யாணப் பத்திரிகைக் கடையில் முன்னால் உட்காருகிற பொம்பளை நரைத்த தலையோடு உட்கார்ந்தால் வருகிறவர்கள் முகம் சுருங்குகிறது, அது வியாபாரம், அவ்வளவுதான். இப்போது அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அடித்தால் யாருக்காகவாம் என்பார்கள், அடிக்காவிட்டால் பெற்ற பெண்ணின் கல்யாணத்தில்கூட இப்படியா என்பார்கள். சம்பந்தியம்மாள் போன தடவை வந்தபோது, "உங்களைப் பாத்தா நித்திலாவுக்கு அக்கான்னு சொல்லலாம்" என்றாள். காபியை ஒரு வாய் குடித்தாள். "அதான் நாலு பேச்சு வருது போல" என்று முடித்தாள். அந்தக் காபிக்குச் சர்க்கரை போட்டிருக்கக் கூடாது. செண்பகவல்லி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது.

போன் அதிர்ந்தது. கடையிலிருந்து முத்துலட்சுமி, பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் பத்திரிகை போடுகிறவள். கையில் உறை, உறையெல்லாம் டை. புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போடப் பார்த்தாள், விழவில்லை, காதோடு வைத்தாள். காது சில்லென்றது. "அக்கா, நம்ம நித்திலா பத்திரிகை புரூஃப் அனுப்பியிருக்கேன். எல்லாரும் ஓகே போட்டுட்டாங்க. நீங்க ஒரு ஓகே போட்டா பிளேட்டுக்கு அனுப்பிருவேன். ஞாயித்துக்கிழமை, பன்னெண்டு மணிக்கு மேல மிஷின்காரர் இருக்க மாட்டாரு." "பாக்கேன்." "நித்திலா சித்தப்பா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க." "பாக்கேன்னு சொன்னேன்ல." வைத்துவிட்டுத் திறந்தாள். 'நித்திலா திருமணம்' என்ற குழுவில் பத்திரிகை கிடந்தது, அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். கொழுந்தனார் ஒரு கட்டைவிரல். அவர் மனைவி பொன்மாரி ஒரு கட்டைவிரலும் இரண்டு ரோஜாப்பூவும். சென்னையிலிருந்து நித்திலா ஒரு கட்டைவிரல். மாப்பிள்ளை வீட்டார் கும்பிட்ட கை. முருகன் துணை, நாள், நட்சத்திரம், மண்டபம் என்று செண்பகவல்லியின் கண் எழுத்தெழுத்தாக நடந்தது. மனசு கூடவே நடக்கவில்லை. தன் பெயர் வந்த இடத்தில் முதல் எழுத்துக்கு ஒற்றைக்கொம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இருந்தது. அது முப்பத்துநாலு வருஷத்துப் பழக்கம். அவளுடைய கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளை குருசாமியே தன் அச்சகத்தில், ஈய எழுத்துக் கோத்து, தானே அடித்தார். அந்தப் பெட்டியில் ஒற்றைக்கொம்பு தீர்ந்துபோய்விட்டது. ஊரெல்லாம் சண்பகவல்லி என்று போனது. கல்யாணம் முடிந்த மறுநாள் அவள் அதைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "கொம்பில்லாத பொண்ணுதான் வேணும்னு இருந்தேன். அமைஞ்சிருச்சு" என்றார். பிறகு, "உனக்குக் கண்ணு இருக்கு. நாளையிலருந்து புரூஃப் நீ பாரு" என்றார். அன்றைக்குப் பிடித்த சிவப்புப் பேனா. நல்ல மனுஷர். அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்திருந்தால் இன்றைக்குச் சட்டையைப் பார்த்துக் கூச வேண்டியதில்லை, எடுத்து வாளியில் போட்டிருக்கலாம்.

டை நெற்றியில் ஊர்ந்தது. பஞ்சை எங்கே வைத்தாள்? பஞ்சு உள்ளே, எழுந்து போனால் தரையெல்லாம் சொட்டும். சட்டைக் கையாலேயே துடைத்தாள். பத்திரிகைக்கு மேலே, நேற்று கொழுந்தனார் அனுப்பிய பட்டியல் நின்றது: யார் யாருக்குப் பத்திரிகைக் கவர். முத்துலட்சுமி அதைப் பார்த்துத்தான் முகவரிச் சீட்டு அடிக்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயர், திரு. இளம்பரிதி, தமிழாசிரியர் (ஓய்வு), கோவில்பட்டி. அந்தப் பெயரைக் கொழுந்தனாருடைய கட்டைவிரல் எப்படித்தான் தட்டியதோ. நேற்றுச் சாயந்திரம் கடைக்கு வந்து, நின்றுகொண்டே பேசினார். "மதினி, நான் சுத்தி வளைக்கல. அந்த வாத்தியாருக்கும் ஒரு கவர் எழுதிருக்கேன். எல்லாருக்கும் குடுக்கிற மாதிரி குடுங்க, வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்கன்னு மரியாதையா முடிச்சிருங்க. சம்பந்தி வீட்டுல காதுக்குப் போயிருக்கு. விருந்தாளியோட விருந்தாளியா அவரு வந்துட்டுப் போயிட்டா, ஒண்ணும் இல்லன்னு நானே சொல்லிக்கிருவேன்." "இல்லன்னா?" "இல்லன்னா தாரை வார்க்க என் கை வராது மதினி." சொல்லிவிட்டு அவருக்கே கண் கலங்கியது. அதைத்தான் தாங்க முடியவில்லை. மிரட்டுகிறவர் மிரட்டுகிறவராக இருக்க வேண்டாமா? குருசாமி போன பிறகு மில்லில் லீவு போட்டு மூன்று மாதம் கடைத் தூசியில் உட்கார்ந்தவர் இவர். நித்திலாவின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனவர் இவர். விதவை தாரை வார்க்கக் கூடாது என்று ஆகிப்போன ஊரில், அந்தத் தண்ணீரை ஊற்றுவதற்கு இருக்கிற ஒரே கை அது. வெளியே போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பொன்மாரியிடம் சொன்னதும் அவளுக்குக் கேட்டது. "இப்பெல்லாம் மதினிக்குக் கொம்பு முளைச்சிருச்சு."

கொம்பாம். முளைத்திருந்தால் முதலில் அந்த வாத்தியாரை அல்லவா முட்டியிருப்பாள். இவர் கவர் கொடு என்கிறார், அவர் கொடுக்காதே என்கிறார். அதுவும் நேராகச் சொன்னாரா? வியாழக்கிழமை கடைக்கு வந்தார். முன்னால் இருந்த மாதிரிக் கவர் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். கல்லூரியில் இரண்டு வருஷம் மூத்தவர், கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். அவர் சொல்லச் சொல்ல அதை அழகாகப் படியெடுத்தது செண்பகவல்லியின் கை. இப்போது அறுபது வயசு, மனைவி போய் ஆறு வருஷம், பிள்ளை இல்லை, நூலகத்தில் இருவரும் ஒரே செய்தித்தாளுக்குக் கை நீட்டிய நாளிலிருந்து எட்டு மாதம். "இந்தக் கவர் எனக்கும் வருமா?" என்றார். "வராமலா?" என்று அவள் வாய் தவறிச் சொன்னாள். "வீட்டு ஆளுக்குக் கவர் குடுக்கிற வழக்கம் இல்லையே, செண்பகம்." கடையில் அப்போது யாரும் இல்லை. இருந்தாலும் அவள் கத்தரிக்கோலை எடுத்து இல்லாத நூலை வெட்டினாள். "கவர் வந்தா வாரேன். பந்தியில உக்காந்து சாப்பிட்டு, பிள்ளைகளை வாழ்த்திட்டு, மறுநாளே தூத்துக்குடிக்குப் போயிருதேன். தங்கச்சி மாடியில ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா. கவர் வரலன்னா இங்கதான் இருப்பேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்." சொல்லிவிட்டுப் போய்விட்டார், பெரிய தியாகம் பண்ணினவர் மாதிரி. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கவர் வராவிட்டால் வீட்டு ஆள் என்று அர்த்தமா, மறந்துபோனாள் என்று அர்த்தமா, கொழுந்தனாருக்குப் பயந்து பட்டியலில் அடித்துவிட்டாள் என்று அர்த்தமா? ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று ஒரு தமிழ் வாத்தியாருக்குத் தெரியாதா?

தெரியாது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னாலும் தெரியவில்லை. சங்கரன்கோவிலில் வேலை கிடைத்துப் போன பிறகு ஒரு கடிதம் போட்டார். எட்டு வரி. கடைசி வரி, ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் சம்மதமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பெருந்தன்மை. அவள் பதில் எழுதவில்லை என்று யார் சொன்னது? முதல் கடிதம் நாலு பக்கம் போயிற்று, கிழித்தாள். இரண்டாவதை ஒரே சொல்லில் எழுதினாள்: வருகிறேன். எழுதி, மடித்து, மறுபடி பிரித்துப் பார்த்தாள். வருகிறேன் என்றால் வருகிறேன் என்றும் அர்த்தம், விடைபெறுகிறேன் என்றும் அர்த்தம். வாசலில் செருப்பு மாட்டுகிற யாரும் அதைத்தானே சொல்கிறார்கள். இந்தப் பாழாய்ப்போன மொழியில் போவதற்கும் வருவதற்கும் ஒரே சொல். அவர் தப்பாகப் படித்துவிட்டால்? உன்னோடு என்று சேர்த்தாள், உங்களோடு என்று மாற்றினாள், அந்த நேரத்து இருபத்துமூன்று வயசுக்கு அது கூச்சமாக இருந்தது. ஒன்பதாம் நாள் மூன்றாவது கடிதம் பாதியில் கிடந்தது, அப்பா வந்து அச்சகத்து மாப்பிள்ளை வருகிறார், முகம் கழுவு என்றார். கழுவினாள். சம்மதமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார், சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார், இரண்டு பேருமே அவள் வாயைத் திறந்து பார்க்கவில்லை. இன்றைக்கு மறுபடியும் அவள் சும்மா இருப்பதையே பதிலாக எடுத்துக்கொள்ளப் போகிறாராம். இந்த வயசிலும் அதே பரீட்சை, கேள்வித்தாள் மட்டும் தலைகீழ்.

பத்து முப்பத்தெட்டு. இன்னும் ஏழு நிமிடம். தலை இறுகிக்கொண்டு வந்தது, ஓட்டுக்குள் இருக்கிற மாதிரி. வேப்பமரத்தில் ஒரு காகம் இவளையே பார்த்தது. முந்தாநாள் நித்திலா வாத்தியார் விஷயமாகப் போனில் பேசியது நினைவுக்கு வந்தது. "அம்மா, நான் வேண்டாம்னு சொல்லல. இப்ப வேண்டாம்னுதான் சொல்றேன்." "பின்ன எப்ப?" "கல்யாணம் முடியட்டும்." பாவம், நியாயமாகத்தான் பேசினாள், நல்ல பெண். கல்யாணம் முடியட்டும். பிறகு தலைதீபாவளி முடியட்டும். பிறகு வளைகாப்பு, பிறகு பிள்ளைக்கு மொட்டை, அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். வரிசை செண்பகவல்லிக்குத் தெரியும். அத்தனைக்கும் அவளே அட்டை அடிப்பவள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப் புத்தகம் கடையில் இருக்கிறது. அம்மாவின் நேரம் என்று ஒரு மாதிரி மட்டும் இல்லை. அவள் மட்டும் என்ன யோக்கியம்? கணவரை இழந்த பெண்கள் கடைக்கு வந்து, "என் பேரை எங்கம்மா போடுவீங்க?" என்று கேட்கும்போது, "வழக்கம் இப்படித்தான்மா, அழைக்கிறது அண்ணன் தம்பி பேருல இருக்கட்டும், உங்க பேரு பெத்தவங்க வரியில வந்துரும்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள், எவ்வளவு இதமாகச் சொல்லியிருப்பாள். ஒரு விஷயத்தில்தான் அவள் விட்டுக்கொடுத்ததில்லை. கயத்தாற்றுப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, அடித்த கட்டோடு திரும்பி வந்து, "என் வீட்டுக்காரரு போனது சரி, என்னையும் எதுக்கும்மா கூட அனுப்புனீங்க?" என்று சிரித்தபடி கேட்டாள். அமரர் இன்னார் என்று போட்டு, அதே வரியில் ஒரு சின்னக் கோடு இழுத்து அவள் பெயரையும் சேர்த்து, தம்பதியர் என்று முடித்திருந்தது. ஒரு அமரர் இரண்டு பேர் மேலும் கவிந்துவிட்டது. அன்றிலிருந்து கடையில் சட்டம்: அமரர் என்று வந்தால் அடுத்த பெயர் அடுத்த வரி, முன்னால் திருமதி. புதிதாகச் சேருகிற யாருக்கும் முதல் பாடமே அதுதான்.

அவள் கை, யோசனை இல்லாமல், போனை எடுத்தது. மறுபடி பத்திரிகையைத் திறந்தது. டை பட்ட விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். அழைப்பவர் ஆ. சீனிவாசகம் – சீ. பொன்மாரி, நல்ல பெரிய எழுத்தில். அதற்குக் கீழே, நெருக்கி, ஒரே வரியில்: கோவில்பட்டி அமரர் ஆ. குருசாமி – செண்பகவல்லி தம்பதியரின் ஒரே புதல்வி. படித்தாள். வெயில் தரையில் இருந்தது, வேப்பம்பழம் ஒன்று விழுந்தது. ஒற்றைக்கொம்பு இருக்கிறதா என்று பார்த்தவள், ஆள் இருக்கிறாளா என்று பார்க்கவில்லை. பிறகு கட்டைவிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொழுந்தனார் படித்திருக்கிறார். பொன்மாரி படித்து ரோஜாப்பூ வைத்திருக்கிறாள், செத்தவளுக்கு வைப்பதுதான். சம்பந்தி வீட்டார் கும்பிட்டிருக்கிறார்கள், அதுவும் பொருத்தம். நித்திலா. அந்த ஒரு கட்டைவிரலில் மட்டும் அவள் பார்வை நின்றது, நகரவில்லை. ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. பொய் சொல்வானேன், இருபது நிமிடத்துக்கு முன்னால் அவளுக்கே உறுத்தவில்லை.

முத்துலட்சுமி முதல் மணியிலேயே எடுத்தாள். "ஓகேயாக்கா?" "என்னைய எப்ப தூக்குனீங்க?" "என்னக்கா?" "அமரர் வரியைப் படி." மறுமுனையில் படிக்கிற சத்தம். "ஐயோ அக்கா. சித்தப்பா அவங்க பேரு பெரிசா வரணும்னாங்க, இடம் பத்தல, அதான் ரெண்டையும் ஒரே வரியில... சத்தியமா நான் பாக்கலக்கா." "நானும்தான் பாக்கல. அழுகாத. என் பேரு தனி வரி. திருமதி முன்னால." "அப்ப சித்தப்பா பேரைச் சின்னதாக்கணும்." "ஆக்கு. அழைக்கிறது அவரே அழைக்கட்டும், அதுல நான் கை வைக்கல. நான் இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும். அப்புறம், கவர் பட்டியல்ல இருநூத்திப் பன்னெண்டு." "வாத்தியார் சாரா?" "அடிச்சிரு." முத்துலட்சுமி ஏதோ கேட்க வாயெடுத்து விட்டுவிட்டாள். அந்த விட்டுவிடுதல் செண்பகவல்லியின் காதில் ஒட்டிக்கொண்டது. பார், இவளே தப்பாக எடுத்துக்கொண்டாள். கொழுந்தனார் பயம் ஜெயித்தது என்று எடுத்துக்கொண்டிருப்பாள். அடிப்பது மட்டும் போதாது. சும்மா விட்ட இடத்தையெல்லாம் இந்த ஊர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்கிறது. குழுவில் போய், ஒரு விரலால், புள்ளி தவறாமல் தட்டினாள்: நான் உயிரோடுதான் இருக்கிறேன். திருத்தம் சொல்லியாச்சு. நித்திலா தட்டச்சு செய்கிறார் என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் இன்னொரு முப்பத்தைந்து வருஷம் ஓடிவிடும்.

வாத்தியாருடைய எண்ணை அழுத்தினாள். "சொல்லு செண்பகம்." "கவர் கிடையாது." "சரி." எந்தப் பக்கமும் சாயாத ஒரு சரி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சரி? என்னன்னு புரிஞ்சுச்சு?" "நீதான..." "நீங்களா ஒண்ணும் எடுத்துக்க வேண்டாம். உங்களுக்கு எடுத்துக்கத் தெரியாது. அன்னைக்கும் தெரியல. நான் எழுதிட்டுத்தான் இருந்தேன். மூணாவது காகிதம், பாதி வந்துட்டேன், நீங்க ஒரு வாரம்னு கெடு வச்சுட்டு வாத்தியார் வேலையைப் பாக்கப் போயிட்டீங்க." "பாதியில என்ன எழுதியிருந்த?" "அதெல்லாம் இப்ப எதுக்கு. கேளுங்க. நாளைக்குச் சாயந்திரம் கார்டு வந்துரும். எழுநூறு கார்டு, நாலு மூலைக்கும் மஞ்சள் தொட்டு வைக்கணும். முதல் கார்டுக்குப் பொன்மாரி வைப்பா, மிச்சத்துக்கு வீட்டு ஆளுக உக்காரணும். நாலு மணிக்கு வாங்க." "எல்லாரும் இருப்பாங்களே." "இருப்பாங்க. அதுக்குத்தான் வரச் சொல்லுதேன்." "செண்பகம், உன் கொழுந்தனார் கோவிச்சுக்கிட்டா தாரை யாரு..." "அவரு கை வராட்டி என் கை இருக்கு. ஊர் என்ன சொல்லும்னு அப்புறம் பாத்துக்கலாம். பழைய வேட்டி கட்டிட்டு வாங்க, மஞ்சள் கறை போகாது." அவர் சிரித்தாரா, தொண்டையைச் செருமினாரா தெரியவில்லை. "நாலு மணிக்கா?" "நாலுக்கு." "வருகிறேன்" என்றார். வேண்டுமென்றே, எழுத்துத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக. அவருக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்திருக்காது. வாத்தியார் பேச்சு, அவ்வளவுதான். அவள் போனை மடியில் வைத்துவிட்டுப் புருஷனுடைய சட்டைக் காலரை ஒருமுறை நேராக்கிவிட்டாள்.

வாசலில் கார் நின்ற சத்தம், கதவுகள் சாத்தும் சத்தம், பொன்மாரியின் வளையல், சம்பந்தியம்மாளின் இருமல். அழைப்புமணி. செண்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. முப்பது நிமிடம் ஐம்பதாகியிருந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றக்கூட நேரமில்லை. நடுக்கூடத்துக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். வலது காது முழுக்கக் கறுப்பு. எந்தக் காதால் கேட்டாள் என்று யாரும் சொல்லிவிடலாம். கட்டைவிரலால் தேய்த்தாள், போகவில்லை, ஒரு வாரத்துக்குப் போகாது. உச்சிக்கு முன்னால், நெற்றிக்கு நேர்மேலே, ஒரு கற்றை மயிர் டையில் இறுகி விறைத்து நின்றது, ஒற்றையாக. "மதினி," கொழுந்தனார் குரல் கொடுத்தார், "குரூப்புல என்ன அது, என்னமோ போட்டிருக்கீங்க?" கையால் அதை அமுக்கினாள். கையை எடுத்ததும் மறுபடி எழுந்து நின்றது. விட்டுவிட்டாள். தாழ்ப்பாளை நீக்கினாள். நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள், தலையை, காதை, கொழுந்தனார் மட்டும் அண்ணனுடைய சட்டையை.

"வாங்க" என்றாள்.